ஏற்றம் காலுக்கு, இறக்கம் கைக்கு: நீலகிரித் தோட்டப் பாதைகளில் மலைச் சைக்கிள்

மலைச் சைக்கிள் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். மூச்சு முட்டுமே, தொடை பிடித்துக்கொள்ளுமே என்று. ஏற்றத்தில் முடியாமல் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். நீலகிரியில் நான் பார்த்த சிராய்ப்பும் எலும்பு முறிவும் ஒன்று விடாமல் இறக்கத்தில் வந்தவை. அதனால் இந்த அத்தியாயத்தில் பிரேக்குக்குத்தான் அதிக இடம். உணவுப் பட்டியல், இதயத் துடிப்புக் கணக்கெல்லாம் இங்கே கிடைக்காது.

நீங்கள் ஊருக்குள் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். சொந்தமாக ஒரு கியர் சைக்கிள் இருக்கிறது, அல்லது வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள். கோத்தகிரியிலோ குன்னூரிலோ இரண்டு மூன்று நாள் தங்கி மண்பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசை. இப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கே ஓட்டலாம்

கைபேசி வரைபடத்தைத் திறந்தால் நீலகிரி முழுக்கக் கோடுகளாகத்தான் தெரியும். அவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்கானவை அல்ல. முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா, அவலாஞ்சி, மேல்பவானியைச் சுற்றிய காப்புக்காடுகள் ஆகியவற்றுக்குள் அனுமதியில்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலும் குற்றம்தான். அவலாஞ்சியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வனத்துறை வண்டியில் போய்ப் பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கூடியது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பவை மூன்று வகை. ஊருக்கு ஊர் போகும் கிளைச் சாலைகள். தார் போட்டிருக்கும், வண்டி குறைவு. தேயிலைத் தோட்டத்துக்குள் லாரியும் டிராக்டரும் போவதற்காகக் கல் பாவிய பாதைகள். படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் விளைநிலங்களுக்கும் நடுவே மண் ஒற்றையடிகள். முதல் நாள் முதல் வகை, அடுத்த நாள் இரண்டாவது. மூன்றாவதை மூன்றாம் நாளுக்கு விட்டுவிடுங்கள்.

தோட்டப் பாதை என்பது தனியார் நிலம். "நாம என்ன கொழுந்தா பறிக்கப் போறோம்?" என்று நுழைந்துவிடக் கூடாது. கேட்கும் முறை இது:

1. தோட்ட அலுவலகத்திலோ வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடமோ சைக்கிளை விட்டு இறங்கிக் கேளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.
2. எங்கே நுழைந்து எங்கே வெளியே வருவீர்கள் என்று சொல்லுங்கள்.
3. அன்றைக்கு எந்தப் பக்கம் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மருந்தடித்த பகுதியில் செடியைத் தொடாதீர்கள். அங்கே ஓடும் வாய்க்காலில் முகம் கழுவாதீர்கள்.
4. எந்தப் பக்கம் கவாத்து நடக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கவாத்து செய்த செடியின் கட்டைகள் ஈட்டி முனைபோல நிற்கும். அதன்மேல் விழுவதைவிடக் கல்லின்மேல் விழலாம்.
5. மாடு இருக்கிறதா என்று கடைசியாக, கட்டாயமாகக் கேளுங்கள்.

ஐந்தாவது கேள்வியை நான் கற்றுக்கொண்ட கதை. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "அக்கா, இந்த வழியா கீழ ரோட்டுக்குப் போலாங்களா?" என்றேன். "போலாம் தம்பி, ஆனா காலைல இருந்து அங்க மாடு நிக்குது" என்றார். மாடுதானே என்று கிளம்பிவிட்டேன். இரண்டாவது வளைவைத் தாண்டினால் தேயிலைக்கு மேலே ஒரு கறுத்த முதுகு மட்டும் தெரிகிறது. நாலு காலிலும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற நிறம். மலையில் மாடு என்றால் சில நேரம் காட்டெருமை. முழு வளர்ச்சி அடைந்த கிடா ஒரு டன் எடையை நெருங்கும். அது என்னை நிமிர்ந்து பார்த்து மூச்சு விட்ட சத்தம் லாரியின் காற்று பிரேக் சத்தம் மாதிரி இருந்தது. சைக்கிளைத் திருப்பாமலே பின்னால் நகர்ந்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "சொன்னேனே" என்றார்.

எப்போது போவது

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை குந்தா, கூடலூர்ப் பக்கத்தை ஜூனில் பிடித்துக்கொள்ளும். கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு ஆபத்தானது ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்திருந்தால் மண்வெட்டுச் சரிவுக்குக் கீழே போகும் பாதையைத் தவிருங்கள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை நாட்களில் குன்னூரின் லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் சாலைப் பக்கமே போகாதீர்கள். அழகான சாலைதான். ஆனால் சுற்றுலா வேன்களுக்கு நடுவே அழகைப் பார்க்க முடியாது.

ஒரு நாளில் காலை 8 மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். மாலை 4 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கரடியும் சிறுத்தையும் காட்டெருமையும் நடமாடும் நேரம் மீதி நேரம். மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்களும் உண்டு.

சைக்கிளைத் தயார் செய்தல்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. டிஸ்க் பிரேக், 2.1 முதல் 2.3 அங்குல அகலமுள்ள முள்வைத்த டயர், முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க் போதும். முந்தைய நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

1. எந்தக் கை எந்த பிரேக்? இதை முதலில் பாருங்கள். நம் ஊர் பைக்கில் முன் பிரேக் வலது கையில். சைக்கிள்களில் இரண்டு விதமும் உண்டு. ஒருமுறை வாடகை சைக்கிளில் இதைப் பார்க்காமல் கிளம்பினேன். பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினேன். ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து போய் ஒரு கேரட் வயலில் உட்கார்ந்தேன். சேறாக இருந்ததால் தப்பித்தேன்.
2. பிரேக் பேட். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உரசும் பகுதி 1 மி.மீ.க்கும் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள். பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மறந்து பிடித்துவிட்டால் தட்டையான பிளாஸ்டிக் துண்டால் மெதுவாகப் பிரியுங்கள்.
3. லீவரை இறுக்கினால் ஹேண்டில் வரை போய்ப் படிகிறதா? அப்படியானால் அந்த சைக்கிளை எடுக்காதீர்கள். கடைக்காரர் "அது அப்படித்தான் சார், பழகிடும்" என்பார். பழகாது.
4. காற்று. ஊர்க் கடைகளில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு, ட்யூப் உள்ள டயரில், முன்னால் 26–28, பின்னால் 28–32 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் டயர் கல்மேல் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிரேக் பிடிக்காது. மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பெயரே பாம்புக்கடி பங்ச்சர்தான்.
5. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். சொட்டுச் சொட்டாக விட்டுத் துணியால் துடையுங்கள். டிஸ்கில் ஒரு துளி பட்டால் பேட் அதைக் குடித்துக்கொள்ளும். பிறகு அந்த பிரேக் கத்தும், நிற்காது.
6. இரண்டு சக்கரத்தின் குயிக் ரிலீஸையும் கையால் அழுத்திப் பாருங்கள். மூடும்போது உள்ளங்கையில் அச்சு விழ வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: மாற்று ட்யூப், டயர் லீவர், பம்ப், செயின் கட்டர் உள்ள மல்டி டூல், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் துண்டு), நாலு கேபிள் டை, விசில், டார்ச், மழைச்சட்டை, கட்டுத்துணியும் மருந்தும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்து உங்கள் சொந்த பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு, சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். கடலைமிட்டாய் நல்லது. ஊட்டி வர்க்கி சாப்பிட நல்லதுதான், பையில் போட்டு மண்பாதையில் போனால் மாவாகத்தான் திரும்பும்.

விரல் முழுக்க மூடும் கையுறையை மறக்காதீர்கள். நனைந்த கையோடு குளிர்காற்றில் இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். மரத்த விரல் லீவரை இழுக்காது.

மைதானத்தில் ஒரு மணி நேரம்

மலைக்குக் கிளம்பும் முன்பே, உங்கள் ஊரில் மண் மைதானம் ஒன்றில் இதைச் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மலைக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

1. தரையில் ஒரு செங்கல் வையுங்கள். மிதமான வேகத்தில் வந்து, செங்கல்லுக்கு நேராக வரும்போது பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சக்கரம் வழுக்கிக்கொண்டு வெகு தூரம் போகும். நின்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.
2. அதே வேகம். இப்போது முன் பிரேக்கை ஒரே ஒரு விரலால், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெல்ல மெல்ல அழுத்துங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். பாதி தூரத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள்.
3. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். இருபது தடவை.
4. கடைசியாக, வளையும்போது பிடித்துப் பாருங்கள், நடை வேகத்தில். முன்சக்கரம் எப்படி நழுவுகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் மலையில் வளைவுக்குள் பிரேக்கைத் தொட மனமே வராது.

முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று சின்ன வயதில் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடிப்பதுதான் கவிழ்க்கிறது.

முதல் நாள்: கோடநாடு

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு ஏறக்குறைய 18 கி.மீ. தார்ச்சாலை, இரண்டு பக்கமும் தேயிலை, ஏற்றமும் இறக்கமும் சின்னச் சின்னதாக மாறி மாறி வரும். முனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமி மலை, தெளிந்த நாளில் பவானிசாகர் நீர்ப்பரப்பு வரை தெரியும். கியர் மாற்றிப் பழகவும், இந்த உயரத்துக்கு மூச்சைப் பழக்கவும் இதைவிடத் தோதான சாலை எனக்குத் தெரியவில்லை. போக வர அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் திட்டத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சமவெளிக்காரர் மலைக்குப் போனால் அடிவாரத்தில் இருந்து ஏறி, பிறகு இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தங்கியிருப்பது மேட்டில். காலையில் தெம்பாக இருக்கும்போது தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டே போவீர்கள், சுகமாக இருக்கும். மதியம் தண்ணீர் தீர்ந்த பிறகு அத்தனையும் ஏற வேண்டும். இதற்கு இரண்டு வழி:

1. காலையில் அறையிலிருந்து மேல்நோக்கிப் போகும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஏறி முடித்துவிட்டு, வேறு வழியாக அறைக்கு இறங்குங்கள்.
2. இறங்கித்தான் ஆக வேண்டுமானால் கீழே ஒரு ஊரில் பிக்அப் ஜீப்புக்கு முன்கூட்டியே பேசி வையுங்கள். டிரைவர் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டுமே முடியாதென்றால் ஒரு கணக்கு: இறங்க எடுத்த நேரத்தைப்போல நான்கு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இறங்கியாயிற்றா, நிறுத்திவிட்டுத் திரும்புங்கள்.

ஏற்றம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேடு தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிது. மேட்டின் நடுவே மிதியை அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும், சில நேரம் அறுந்தும் போகும். எழுந்து நின்று மிதிக்காதீர்கள்; பின்சக்கரத்தில் எடை குறைந்து மண்ணில் வழுக்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள்.

இறக்கம்

இனி நிதானமாகப் படியுங்கள்.

தோட்டப் பாதையின் இறக்கம் ஒரே மாதிரி இருக்காது. பாவிய கல்லில் நிழல் பட்ட இடமெல்லாம் பாசி. கற்பூர மரங்களுக்கு அடியில் காய்ந்த இலை. யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அந்த இலை ஈரமில்லாமலே வழுக்கும். லாரித் தடத்துக்கு நடுவே புல்மேடு, தடத்துக்குள் உருளும் சரளை. மழைநீர் வெட்டிய குறுக்கு வாய்க்கால் திடீரென்று வரும்.

1. இறங்கும் முன் நில்லுங்கள். சீட்டை மூன்று நான்கு விரல் அளவு தாழ்த்துங்கள். வெயில் காலத்தில்கூட மேல்சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.
2. சீட்டை விட்டு எழுந்துகொள்ளுங்கள். இரண்டு மிதியும் தரைக்கு இணையாக இருக்கட்டும். ஒன்று கீழே போயிருந்தால் கல்லில் தட்டும். குதிகால் தாழ்ந்து, முழங்கால் மடங்கி, முழங்கை இரண்டு பக்கமும் விரிந்து இருக்க வேண்டும். சரிவு கூடக் கூட இடுப்பு பின்னால் போகட்டும்.
3. ஒவ்வொரு கையிலும் ஆள்காட்டி விரல் மட்டும் லீவர்மேல். மற்ற விரல்கள் ஹேண்டிலைப் பிடித்திருக்கட்டும். நாலு விரலும் லீவருக்குப் போய்விட்டால் ஒரு குலுக்கலில் கை நழுவிவிடும்.
4. பார்வை பத்து அடிக்கு அப்பால் இருக்கட்டும். எதைப் பார்க்கிறீர்களோ அங்கேதான் சைக்கிள் போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் முட்டுவீர்கள். கல்லுக்குப் பக்கத்துச் சந்தைப் பாருங்கள்.
5. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் இரண்டு லீவரையும் விட்டுவிட்டு உருளுங்கள். வெளியே வந்த பிறகு மறுபடி பிடியுங்கள்.
6. பாசி, இலை, ஈரவேர் வந்தால் நேராகக் கடக்க வேண்டும். அதன்மேல் திருப்பவும் வேண்டாம், முன் பிரேக்கும் வேண்டாம்.
7. பத்தடிக்குள் நிறுத்த முடியாது என்று தோன்றும் எந்த இடத்திலும் இறங்கி நடங்கள். நடக்கும்போது சைக்கிள் பள்ளத்துப் பக்கமும் நீங்கள் மலைப் பக்கமும் இருங்கள்.

குறிப்பு: கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் பின் தொடர்பவரின் கண்ணில் படும்படி, ஆனால் இருபதடிக்குக் குறையாத இடைவெளியில் போக வேண்டும். நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில் வரட்டும். அவர் முன்னால் போனால் அவர் வேகம்தான் எல்லோருக்கும் அளவாகிவிடும்.

மலைச்சாலையின் இறக்கம் வேறு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ.; அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறீர்கள். 1,000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி என்ற கணக்கில் கீழே வரும்போது 10 டிகிரி கூடியிருக்கும். அதே வழியில் உங்கள் பிரேக்கும் சூடேறிக்கொண்டே வரும். விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் தப்பு. நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முழுக்க விடுங்கள், மறுபடி பிடியுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆற விடுங்கள். நிற்கும்போது டிஸ்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும். தோசைக்கல்லைத் தொடுவதும் அதுவும் ஒன்று. ரிம்மில் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால் அந்தச் சூட்டில் ட்யூப் வெடித்துவிடலாம். அந்த சைக்கிளை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்புங்கள்.

கொண்டை ஊசி வளைவில் இடது ஓரத்தை விடாதீர்கள். பஸ் திரும்புவதற்குச் சாலை முழுவதும் வேண்டும். கீழிருந்து ஹார்ன் கேட்டால் வளைவுக்கு மேலேயே நின்று விட்டுக்கொடுங்கள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலையைக் கடக்கும். பலாப்பழக் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு, கீழே யானைக்காடு. முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பதே என் பதில். இரண்டாவது பயணத்துக்கும் யோசிப்பேன்.

எதிர்ப்படுபவர்கள்

காட்டெருமையைக் கண்டால் நில்லுங்கள், பெல் அடிக்காதீர்கள், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். அது போகும்வரை காத்திருங்கள். அரை மணி நேரமும் ஆகலாம். படம் எடுக்க நெருங்கியவர்கள்தான் முட்டுப்பட்டிருக்கிறார்கள். யானை என்றால் காத்திருக்கவும் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கரடி பெரும்பாலும் நம்மைத் திடீரென்று பார்த்துத்தான் பாய்கிறது. அதனால் பார்வைக்கு எட்டாத வளைவுகளில் பேசிக்கொண்டோ விசில் அடித்துக்கொண்டோ போங்கள்.

நாய்கள்தான் அன்றாடத் தொல்லை. துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை நிறுத்தி, மெல்ல நடங்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சவாரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வருபவருக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே "அக்கா, சைக்கிள் வருதுங்க" என்று குரல் கொடுங்கள். எடை போடும் நேரத்தில் எடைக் கொட்டகைக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதை. ஹட்டியில் கோயிலை ஒட்டிய புல்வெளி மைதானம் போலத் தெரியும். அதில் சைக்கிளை ஏற்றாதீர்கள். டீ குடிக்கக் கூப்பிட்டால் போய்க் குடியுங்கள்.

மழைக்காலத்து ஒற்றையடியில் அட்டை ஏறும். காலுறைக்குமேல் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டால் குறையும். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல் நகத்தால் மெல்ல நகர்த்தி விடுங்கள்.

கெட்டுப்போனால், விழுந்தால்

பங்ச்சர் எல்லோருக்கும் தெரியும். நீலகிரிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. கற்பூர மரப்பட்டை நீள நீளமாக உரிந்து பாதையில் கிடக்கும். ஒரு துண்டு பின்சக்கரத்தில் மாட்டினால் செயினோடு சேர்ந்து சுற்றி டெரெய்லருக்குள் போகும். 'கடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதுமே மிதிப்பதை நிறுத்துங்கள். நான் இன்னும் ஒரு மிதி மிதித்தேன்; ஹேங்கர் முறிந்து டெரெய்லர் ஸ்போக்குக்குள் போய்விட்டது. மாற்று ஹேங்கர் அறையில் இருந்தது. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்; கடைசி இரண்டை ஒரு கொழுந்து லாரி சுமந்தது.

ஹேங்கர் முறிந்து, மாற்றும் இல்லையென்றால்:

1. செயின் கட்டரால் செயினைப் பிரியுங்கள்.
2. டெரெய்லரைக் கழற்றி, கேபிள் டை போட்டு ஃபிரேமில் கட்டுங்கள்.
3. பின்னால் நடுப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, தொங்காத அளவுக்குக் கண்ணிகளைக் குறைத்து இணையுங்கள்.
4. இனி அது ஒற்றை கியர் சைக்கிள். சமதரையில் ஓட்டுங்கள், மேட்டில் தள்ளுங்கள்.

யாராவது விழுந்தால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் மேலே ஒருவரை அனுப்பிப் பின்னால் வரும் சைக்கிள்களை நிறுத்துங்கள். விழுந்தவரைப் பேசச் சொல்லுங்கள், கைகால் விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். கழுத்து வலி, மரமரப்பு, குழறல் இருந்தால் அசைக்காமல் போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் மேட்டுக்கு ஏறினால் பெரும்பாலும் கிடைக்கும். தோட்டத்தின் பெயரையும் பக்கத்திலுள்ள ஃபேக்டரியின் பெயரையும் சொல்லுங்கள்; ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வரைபடப் புள்ளியைவிட அதுதான் சீக்கிரம் புரியும். தலையில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது

செம்மண் காயும் முன் வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக் கழுவுங்கள். வண்டி கழுவும் கடையில் கொடுத்தால் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கரைத்துவிடும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் பார்சல் போடுவதாக இருந்தால் ரயிலுக்கு வெகுநேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மிதிகளைக் கழற்றி, ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, டெரெய்லரைச் சுற்றி அட்டை கட்டுங்கள். டிஸ்கில் எண்ணெய்க் கை படாமல் இருக்கச் செய்தித்தாளைச் சுற்றுங்கள். வலது மிதி எல்லாத் திருகையும்போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது மிதிக்கு மரை தலைகீழ். வலப்பக்கம் சுற்ற வேண்டும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதை எதிர்த்திசையில் இறுக்கிக்கொண்டே ரயிலைத் தவறவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.